மதிலோரத் தண்டவாளம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ, உன் மனைவி, என் மருமகள் எல்லோரும் நலமா? மருமகளுக்குக் கல்லூரிப் பரீட்சை நெருங்குகிறதே, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்.

போனில் பேசினால் சொல்ல நினைத்ததில் பாதி எனக்கு மறந்துபோகிறது. நீயும் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி உன் மேஜை மேலேயே கிடக்கும்.

அப்பா போனபிறகு இன்றைக்குத்தான் பின்கதவைத் திறந்தேன். தோட்டம் பிரேதப் பரிசோதனை முடிந்த உடம்பு மாதிரி கிடக்கிறது. தண்டவாளம் ஓடிய இடமெல்லாம் பள்ளம். பிடுங்கிய பித்தளைத் தண்டவாளங்களைக் கொட்டகைக்குப் பின்னால் விறகு மாதிரிக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்ஜினும் பெட்டிகளும் கொட்டகைக்குள் இருந்ததால் தப்பின.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதினால்தான் என் மனசு ஆறும். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள் அப்பா என்ன சொன்னார்? "ஆயுசு பூரா மேலயும் கீழயுமே போயிட்டேன். இனி கொஞ்சம் பக்கவாட்டுல போறேன்." சொன்னதோடு நிற்காமல் ஒரு பூனை நீளத்துக்கு நிஜமான நீராவி இன்ஜின் வாங்கி, அதற்குக் கறுப்பி என்று பெயர் வைத்து, பத்து வருஷம் அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பாதை போட்டார். குகை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் அவர் கையால் கட்டியது. உன் மகள்தான் விடுமுறைக்கு விடுமுறை ஸ்டேஷன் மாஸ்டர்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்த நாட்களில் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். பாலத்துத் தூண்கள் மழைநீர் வடிகால் மேல் நிற்கின்றன என்று புகாராம். மொத்தத்தையும் பெயர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அப்பா பின்கதவில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சாங்க?" அதற்கப்புறம் அவர் தோட்டத்தில் கால் வைக்கவே இல்லை. டிசம்பரில் கண்ணை மூடிவிட்டார்.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுக் கண் டாக்டர்தான் என்று அன்றைக்கே நீதான் சொன்னாய். விசில் சத்தம் பொறுக்காத மனுஷர் என்றாய். அவர் இப்போது வீட்டை விற்கப்போகிறார். வாசலில் பலகை தொங்குகிறது. நிம்மதியாக விற்றுவிட்டுப் போக விடுவேன் என்று நினைக்கிறாயா? பாதையை மறுபடியும் போடப்போகிறேன். இந்தத் தடவை முழுக்க மதிலோரமாக. வீடு பார்க்க ஒரு ஈ காக்கை வந்தாலும் கறுப்பி கத்துவாள்.

தண்டவாள மூட்டுகள் கொஞ்சம் தேவைப்படும். அங்கே கிடைத்தால் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முதுகு வலி எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே அறையில் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை செய்கிறாய், வீட்டுக்கு வந்து குனிந்து மண் வெட்டினால் என்ன ஆகும்?

அக்கா, போனது போகட்டும். டாக்டரை விட்டுத் தள்ளு. கிழவரோடு மல்லுக்கு நின்று நமக்கு என்ன ஆகப்போகிறது? அப்பாவே இல்லை, இனி யாருக்கு ரயில்?

எங்கள் டைல்ஸ் கம்பெனிக்கு வந்துபோகும் பில்டர் ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். பின்தோட்டத்தில் அழகாக நாலு வீடு நிறுத்தலாம் என்கிறார். அப்பா இருந்தபோதே இதைச் சொன்னேன், ரயிலைக் காட்டி வாயை அடைத்துவிட்டார். வீடும் தோட்டமும் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் நீ இங்கேயே எங்களோடு வந்துவிடலாம். தனியாக அந்த வீட்டில் என்ன செய்யப்போகிறாய்?

தண்டவாள மூட்டு இங்கே விசாரித்தேன், கிடைக்கவில்லை.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? முதுகு வலியை விசாரித்திருந்தாய். நன்றாக வலிக்கிறது. நல்ல வலி.

பாதை போட்டாகிவிட்டது! வளைந்த தண்டவாளங்களை அப்பாவின் பட்டறைக் கவ்வியில் பிடித்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். செங்கல்லைப் பக்கவாட்டில் புதைத்து, மேலே பொடி ஜல்லி கொட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மூட்டுகளை இறுக்கிச் சேர்த்துவிட்டேன். மறுநாள் வெயிலில் பித்தளை நீண்டு, பாதை முழுக்கப் பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. அவிழ்த்து, மூட்டுக்கு மூட்டு நகம் நுழையும் இடைவெளி விட்டு மறுபடியும் போட்டேன். அப்பா இதையெல்லாம் யாரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டாரோ.

முதல் ஓட்டத்தில் கறுப்பி ஒரு நத்தை மேல் ஏறிக் குடை சாய்ந்தாள். இப்போது தினம் காலையில் துடைப்பத்தோடு பாதையைச் சுற்றி வருகிறேன். நத்தை, சருகு, எறும்புப் புற்று. ஒரு ரயில்வே இலாகாவே என் தலையில்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, பர்னரைப் பற்றவைத்தேன். அழுத்த முள் ஏறும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பின்பக்கம் வந்து "காத்து நல்லா வருதுங்களே" என்று சொல்லி வாய் மூடவில்லை, கறுப்பி மதிலுக்கு இந்தப் பக்கம் கிளம்பிவிட்டாள். விசில் என்றால் விசில், காது ஜவ்வு கிழிகிற விசில். எண்ணெய்ப் புகை நேராக அந்த அம்மாள் முகத்தில்.

"இது தினமும் உண்டா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டார் அந்த ஆள்.

"காலைலயும் உண்டு, சாயங்காலமும் உண்டு. லீவு நாள்னா இடைவிடாம" என்றேன்.

டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். கல்நெஞ்சு. வந்தவர்கள் போய்விட்டார்கள். அப்பா போனபிறகு அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மருமகளுக்கு என் முத்தம். பின்தோட்டத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்து உன் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை மறுபடி ரயில் விடறாங்களா, நான் போகணும்" என்று ஒரே பிடிவாதம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நமக்கு அழகில்லை அக்கா. நீ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நிறுத்திவிடு.

ஒன்று மட்டும் கேள். அந்த டாக்டரிடம் நீயாகப் பேச்சு வைத்துக்கொள்ளாதே. அவருக்கு வயதாகிவிட்டது, புத்தி முன்போல் இல்லை என்று கேள்வி. எதையாவது உளறுவார், நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வாய். அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுது.

அன்புடன்,
தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் மனைவிக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னாயே, இப்போது தேவலையா?

டாக்டர் வீட்டுக்கு அதற்கப்புறம் மூன்று கூட்டம் வந்தது. மூன்றையும் துரத்தினேன். நாலாவதாக வந்த ஆள்தான் என் பிழைப்பில் மண் அள்ளிப்போட்டான். கறுப்பி விசில் அடித்ததும் மதில் மேல் தாவி உட்கார்ந்து, "ஐயோ, இது நிஜ நீராவியா? இது போதுங்க, வீட்டை நானே எடுத்துக்கறேன்" என்கிறான்! பூதத்தை ஓட்டப் போய்ப் பிசாசை அழைத்த கதை. நல்லவேளை, அவன் மனைவிக்குச் சமையலறை பிடிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு டாக்டர் மதிலோரம் வந்தார். நீ சொன்னாய் என்பதற்காக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன்.

"ஏம்மா, வர்றவங்க எல்லாம் உன் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு ஏன் ஓடறாங்க?" என்றார்.

"விசில் அடிச்சா ஓடத்தான் செய்வாங்க" என்றேன்.

"என்னது?"

"விசில்!"

"என்ன விசில்?"

தம்பி, அவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டு வருஷமாகவே அப்படித்தானாம். மிஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டுதான் என்னோடு பேசினார். நான் இத்தனை நாளாக ஒரு செவிட்டு மனுஷரைச் சத்தத்தால் பழிவாங்கியிருக்கிறேன். விசிலே கேட்காத ஆள் விசிலுக்காகப் புகார் கொடுப்பாரா?

நேராகவே கேட்டுவிட்டேன். "நான் எதுக்கும்மா குடுக்கணும்? உங்கப்பா ரயில் என் ஜன்னலுக்குத் தெரியணும்னு என் செடியையே வெட்டிவிட்டவன் நான்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர்தான் புகார் கொடுத்தார் என்று உனக்கு யார் சொன்னது? நீ அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய். யோசித்துப் பார்த்து எழுது.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதிலே இல்லை. போனையும் எடுக்கவில்லை. வேலை மும்முரம் போலிருக்கிறது. உடம்பு சரியாக இருந்தால் சரி.

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் நகராட்சி ஓவர்சியர் ஒருவர் கால் எலும்பு முறிந்து என் எக்ஸ்ரே அறைக்கு வந்தார். அவர் ஆட்கள் தோண்டிய குழியிலேயே விழுந்திருக்கிறார். அவர் முகவரியை எழுதிக்கொள்ளும்போது பேச்சுவாக்கில் என் தெருப் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான், மனுஷருக்கு வாய் ஓயவில்லை. நம் வீட்டுக்கு வந்தவர் அவர்தான். "கால ஆட்டாம வைங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷர். வெகுளி.

அது கிடக்கட்டும். பின்தோட்டத்தைப் பற்றி நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இதைப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான். நேரில் வா. அந்தப் பில்டரையும் அழைத்து வா. மருமகளையும் அவசியம் கூட்டி வா. அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 6

என் அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். உன் கடிதம் வயிற்றில் பால் வார்த்தது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, ஆபீசில் கணக்கு முடிக்கும் நேரம், தலை நிமிர முடியவில்லை.

நீ மனசு மாறியதற்கு எப்படி நன்றி சொல்வேன்! கடைசியில் நீ என் அக்கா, என்னை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பில்டரிடம் பேசிவிட்டேன். அவர் உடனே வரத் தயார். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது ஞாயிறு எல்லோரும் வருகிறோம். மருமகளுக்கும் அப்போது லீவு. காகிதமெல்லாம் நானே தயார் செய்து எடுத்து வருகிறேன். உனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அங்கிருந்து என்ன வாங்கி வரட்டும்? கூச்சப்படாமல் எழுது.

அன்புடன்,
தம்பி

பி.கு.: டாக்டர் விஷயம் கேட்டிருந்தாய். யார் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. பழைய கதை, விடு.


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒன்றும் வாங்கி வர வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

தோட்டத்தில் நிழல் விழும் இடத்தில் நாற்காலிகள் போட்டு வைக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து பேசலாம், பில்டரும் இடத்தைப் பார்த்தமாதிரி இருக்கும். மருமகள் ஆசைதீர ரயில் ஓட்டட்டும். டாக்டரையும் அழைத்திருக்கிறேன். இன்னொருவரும் வருவார். உனக்குப் பழக்கமானவர்தான்.

பத்திரமாக வாருங்கள்.

இப்படிக்கு,
அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நீ கதவைத் திறந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாய். என் கைப்பையை வாங்கி வைத்தாய், மோர் கொடுத்தாய். இவளுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று என் மனைவியிடம் சொன்னேன். உன்னை மாதிரி நடிக்க யாராலும் முடியாது.

என் மகள் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றி, விசில் அடித்து, குழந்தையாகவே மாறிப்போனாள். மூச்சு வாங்க வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அந்த ஓவர்சியர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். நான் பில்டரிடம் இரண்டு வார்த்தைதான் பேசினேன்.

"குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு சார்! அன்னிக்கு போன்ல நீங்கதானே? நாங்க ரெண்டு தூணைத்தான் எடுக்க வந்தோம். மொத்தத்தையும் எடுத்துருங்க, வீட்டுப் பையன் நான் சொல்றேன்னீங்களே. இப்ப மறுபடியும் போட்டு வெச்சிருக்கீங்க. நல்ல குடும்பம் சார்!" என்று சிரிக்கிறார். கைகொடுக்கிறார்!

"என்னப்பா சொல்றாரு?" என்று என் மகள் கேட்டாள். நீ எழுந்து வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பில்டர் மரத்தைப் பார்க்கிற சாக்கில் நகர்ந்துவிட்டார். என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். புகாரும் நான்தான் கொடுத்தேன். அந்த வயதில் அவர் ராத்திரியும் பகலும் கல்லையும் கம்பியையும் தாண்டிக்கொண்டிருந்தார். தடுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? நான் அவர் நல்லதுக்காகவும் யோசித்தேன். அது உனக்கு எப்போதும் புரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் என் மகள் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு பெண்ணோடு இடம் மாற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். உனக்குத் திருப்திதானே?

என் பங்கை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியும். கோர்ட் இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

நான் நலம். நன்றாகவே நலம்.

திருப்திதானா என்று கேட்டிருக்கிறாய். மே மாதம் டாக்டர் மதிலோரம் சொல்லி நான் எழுதாமல் விட்டது இதுதான். ஆட்கள் கடப்பாரையோடு வந்த அன்று அவர் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார். "வீட்டுக்காரங்களே சொல்லிட்டாங்க" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் என்றால் நான், அப்பா, நீ. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். ஆனாலும் நான் நம்பவில்லை. நம்பாமல் உனக்கு எழுதி, பதிலுக்காக ஜூன் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் அக்கா, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடித்துத் திட்டி அழுது முடித்திருப்பேன். நீ எழுதவில்லை. நகராட்சிக்காரர் என் மேஜை மேல் காலை நீட்டிக்கொண்டு சொன்னார். மண்டை ஓடுவரை ஊடுருவிப் பார்க்கிற மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, கூடப் பிறந்தவனை இத்தனை வருஷம் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

தூண்கள் இரண்டு மட்டும் போயிருந்தால் அப்பா வேறு பக்கம் பாலம் கட்டிக்கொண்டு போயிருப்பார். உனக்கு அதுவும் தெரியும். அதனால்தான் மொத்தத்தையும் எடுக்கச் சொன்னாய். அவர் படுக்கையில் இருக்கும் நாளைப் பார்த்து ஆளை அனுப்பினாய். பிறகு ஒரு காது கேளாத மனுஷர் மேல் பழியைப் போட்டு என்னை ஏவிவிட்டாய். தடுக்கி விழுவாராம்! அப்பா தடுக்கி விழுந்தது உன்மேல்தான்.

கோர்ட் எதற்கு? பங்கு கேட்டாய், தருகிறேன். சர்வேயரை வைத்து அளந்தாகிவிட்டது. வீடு உனக்கு. பின்தோட்டம் எனக்கு. மதிப்புப் போட்டுப் பார்த்தால் உனக்குத்தான் கூடுதல், எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் பில்டருக்கு வீடு வேண்டாம், தோட்டம்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது என் பிரச்சினை இல்லை.

நான் எங்கே இருப்பேன் என்று கவலைப்படாதே. டாக்டர் வீட்டை விற்கவில்லை. மாடியை எனக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். மதிலில் ஓட்டை போட்டு அவர் பக்கமும் பாதையைக் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார்.

நம் சமையலறை, அப்பாவின் அறை, நீயும் நானும் சண்டை போட்டுக்கொண்டு படுத்த கூடம், எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொள். வந்து இரு. பின்ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும். காலையிலும் விசில், சாயங்காலமும் விசில். உனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? அம்மா நலம். நானும் நலம் என்று எழுதத்தான் வேண்டும்.

அப்பாவும் நானும் பேசுவதில்லை. அவர் பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், வீட்டுக்கு ஆள் தேடுகிறார், யாரும் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறார். "தாத்தா விழுந்துடுவாருன்னு பயந்தேன்மா" என்று ஒரே ஒரு தடவை கதவுக்கு வெளியே நின்று சொன்னார். நான் கதவைத் திறக்கவில்லை. அவர் செய்ததை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஓவர்சியர் என்ன சொல்வார் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், நான் ஒன்றும் குழந்தை இல்லை. போனில்கூடச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் டாக்டர் தாத்தா பக்கத்தில் உட்காரப் போனேன். "இங்க வேணாம்டா, அப்பா பக்கத்துல உக்காரு" என்று நீங்கள்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டீர்கள். அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வேண்டுமென்றேதான் உட்கார வைத்தீர்களா?

மருமகள்


நவம்பர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி? சளி பிடித்தால் அலட்சியமாக விடாதே.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம்.

அந்த நாற்காலிகளை எங்கே போடுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஓவர்சியர் எந்த வாசல் வழியாக வருவார், உன் அப்பா எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பான், நீ எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று நடந்து நடந்து பார்த்தேன். அவனைத் திட்டினால் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அடித்தாலும் போய்விடுவான். உன் முகம் மாறுவதை அவன் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எங்கே வலிக்கும் என்று தெரியாதா?

நினைத்த மாதிரியே நடந்தது. அவன் உன் முகத்தைப் பார்த்தான். அதே முகத்தை நானும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிடித்தால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உன்
அத்தை